துண்டுக்குள்ள முடிஞ்ச மோட்டார்ப் படிப்பு

ஆனி 28, செவ்வாய்

காத்து. வெடியக்காலமே கூரைத் தகரத்தைக் கழட்டப் பாத்துது. மழையெல்லாம் மேக்கால பாலக்காட்டுலயே நின்னுக்குது. கொழிஞ்சாம்பாறைக்கு வெறும் காத்தை மட்டும் தாட்டி விடுது.

செய்ய வேண்டியது:
தகரத்து மேல கல்லு.
மயிலைக் காளைக்கு லாடம்.
பருத்திக்கொட்டை.
மாராத்தாள் வாயை அடைக்க ஏதாச்சும். (தாலி கட்டின நாள்ல இருந்து பாக்கறேன், முடியல. விட்டாச்சு.)

பொழுதோட மாப்பிள்ளை டெக்னிக்கல்ல இருந்து வந்தாப்ல. கை கழுவ நான்தான் சொம்புல தண்ணி ஊத்தினேன். ஊத்தறப்பப் பாத்தேன். உள்ளங்கை ரெண்டும் வெண்ணெய்க் கட்டியாட்ட.

மூணு மாசம் நுகம் வெச்ச காளைக்குக் கழுத்துல காய்ப்பு விழுகும். விழுகலைன்னா அது உழுகல, மேஞ்சுட்டு இருந்துருக்குதுன்னு அர்த்தம். மாப்பிள்ளை சித்திரையில இருந்து செம்புக்கம்பி சுத்தறேன், ஸ்க்ரூ முடுக்கறேன்ங்கறாப்ல. விரல்ல ஒரு கீறல் இல்ல. நகத்துல கருப்பு இல்ல. வார்னிஷ் நாத்தம் இல்ல.

என்னுங்க மாப்ள, மோட்டாரைக் கையில படிக்கறீங்களா, காதுல படிக்கறீங்களான்னேன். சிரிச்சாப்ல. தொடச்ச துண்டைக் கொடியில போடாம கையோட எடுத்துட்டு உள்ள போயிட்டாப்ல.

நான் கேலிக்குத்தான் கேட்டேன். படுத்ததுக்கு அப்பறமும் அந்தக் கையே கண்ணுல நிக்குது.

ஆனி 29, புதன்

காத்து அப்படியே. லாடம் அடிச்சாச்சு. லாடக்காரன் ஆணியை விட வாயைத்தான் அதிகம் அடிக்கறான்.

மாடு பாக்கற கண்ணை வெச்சுத்தான் மாப்பிள்ளையை அங்க சேத்தேன். எங்க தப்பாச்சுன்னு இன்னிக்கு உக்காந்து யோசனை. எழுதிப் பாத்தாத் தெரியுமான்னு பாக்கறேன். மூணாங்கிளாஸ் எழுத்து, தீவனக்கடை ஓசி டைரி. ஆரு படிக்கப் போறாங்க.

மாப்பிள்ளை பழனிச்சாமி கோயமுத்தூர் மில்லுல இருந்தாப்ல. மில்லு மூடினதுல இருந்து மகள் சரசுவும் அவரும் நம்மூட்டுல. ஊட்டோட மாப்பிள்ளைன்னு ஊர் பேசுது. (நானும் பேசியிருக்கேன், சிரிப்புக்கு.) மோட்டார் படிச்சு, சர்க்கார் பரீட்சை எழுதி, வயர்மேன் லைசென்ஸ் எடுத்தா, சித்தூர்ல ஒரு கான்ட்ராக்டர் சேத்துக்கறேன்னாரு. சரசுக்கு அஞ்சாம் மாசம். பிரசவம் இங்கதான், அது முறை. ஆனா கொழந்தையைத் தூக்கீட்டுப் போறதுக்கு அவளுக்குன்னு ஒரு ஊடு வேணுமல்ல.

டெக்னிக்கல் இருக்கறது சித்தூர் ரோட்டுல, பழைய நெல்லு மில்லு. பேர் நீளம். வாய்ல நுழையல. மூணு பாஷையில போர்டு, செவுரு பூராப் புதுப் பெயிண்டு. நான் பெயிண்டுக் கடைன்னே பேர் வெச்சுட்டேன். இனிமே பெ.க.

மொதநாள் போனப்பவே நெனச்சேன், இது கொம்பைச் சீவி எண்ணெய் தடவி நிறுத்தின மாடுன்னு. நல்ல மாட்டுக்கு எண்ணெய் எதுக்கு. நெனச்சது நெனச்சபடி திரும்பியிருக்கோணும்.

ஆனா அந்த பிரின்ஸிபால் சொன்னாரு, "அவசரமே இல்லீங்க. நாலு பக்கம் விசாரிச்சுட்டு வாங்க. அப்ப எடம் இருந்தாப் பாக்கலாம்" ன்னு. வெள்ளை பூட்சு, வெள்ளைச் சட்டை. அங்கதான் நான் விழுந்தது. சந்தையில விக்கறதுக்கு அவசரப்படாதவன் மாடுதான் நல்ல மாடு. இது நான் பத்துப் பேருக்குச் சொல்லிக் குடுத்த பாடம்.

விசாரிக்கச் சொன்னவரைப் பத்தி என்னத்தை விசாரிக்கறதுன்னு நானும் விசாரிக்கல.

அப்பறம் அடுத்த வியாழக்கெழமை அவரே பொள்ளாச்சி சந்தைக்கு வந்துட்டாரு. சாணியில வெள்ளை பூட்சு. எல்லாரும் பாக்கறாங்க. நேரா வந்து என் துண்டுக்குள்ள கையை விட்டாரு. நாங்க தரகர்ங்க வெலையைத் துண்டு மறைவுல விரல் புடிச்சுத்தான் பேசுவோம், அந்த விரல் பேச்சு அத்தனையும் தெரிஞ்சிருக்குது. எந்த விரலைப் புடிச்சா என்ன, எந்தக் கணுவை அமுக்கினா என்ன, ஒண்ணும் தப்பல. பேரம் பேசிக் கொறைச்சேன். கொறைஞ்சாரு. படிச்ச மனுசன் நம்ம துண்டுக்குள்ள கையை விட்டுட்டாரேன்னு எனக்குத் தலைகால் புரியல.

காசு முடிஞ்சதுக்கு அப்பறம் துண்டுக்குள்ளயே ஒண்ணு கேட்டேன். வாய்ல மெதுவா: படிச்சவங்கள்ல எத்தனை பேருக்குங்க வேலை? அவர் அஞ்சு விரலையும் சேத்து இறுக்கிப் புடிச்சாரு. எல்லாருக்கும்.

துண்டுக்குள்ள பேசினதை வெளிய சொல்லக் கூடாது. பொண்டாட்டிகிட்டக் கூட. சொன்ன தரகனுக்கு அப்பறம் ஆரும் கை குடுக்க மாட்டாங்க. மாராத்தாள் எவ்வளவோ கேட்டுப் பாத்தா. சொல்லல.

ஆனி 30, வியாழன்

பொள்ளாச்சி சந்தை. ரெண்டு ஜோடி கை மாறிச்சு. ஒரு காராம்பசு முடியல, பல்லு பாத்தா வயசு சொல்லுது, விக்கறவன் வேற சொல்றான்.

குப்பண்ணனைப் பாத்தேன். நாங்க ரெண்டு பேரும் ஒண்ணாத் தரகுக்கு வந்தவங்க. அவர் மகனும் பெ.க.வுலதான். நான் சேத்ததைப் பாத்து அவர் சேத்தாரு.

டீ குடிச்சோம். கேக்கோணும்னு நாக்கு வரைக்கும் வந்துது. உங்ககிட்ட எவ்வளவு வாங்கினாங்க அண்ணா, உங்க பையன் கை காச்சிருக்குதா, உங்களுக்கும் அஞ்சு விரலா. அவர் பேசினதும் துண்டுக்குள்ளதான். கேட்டா மருவாதை இல்ல. அவரும் என் மூஞ்சியையே பாத்துட்டு இருந்தாரு. எதையோ கேக்கற மூஞ்சி.

"இந்த வருசம் மழை எப்படிங்க சென்னியப்பா" ன்னாரு.

மேக்கால நல்லாப் பேஞ்சுக்குதுங்கன்னேன். டீக்கு அவர் குடுத்தாரு.

ஆனி 31, வெள்ளி

பெ.க.வுக்குப் போயிட்டேன். சொல்லாமக் கொள்ளாம.

வண்டி மாடு வாங்கறதுன்னா சக்கரத்தைக் கயித்துல கட்டி இழுக்க விட்டுப் பாப்போம். வலு தெரிஞ்சு போகும். அதாட்ட, ஒரு மோட்டாரை ஓட்டிக் காட்டுங்கன்னேன். இதை மொதல்லயே கேட்டிருக்கோணும். கை குடுத்த மனுசங்கிட்ட அப்பறம் சோதனை கேக்கறது நம்ம சந்தையில வழக்கமில்ல. அதனால கேக்காமயே இருந்துட்டேன்.

பிரின்ஸிபால்: கரண்ட் இல்லீங்களே.

பக்கத்துக் கள்ளுக்கடையில பட்டப்பகல்ல பல்பு எரியுது. அங்க மட்டும் வேற சாமி கரண்ட் குடுக்கறாரு போலிருக்குதுங்கன்னேன். அவரும் சிரிச்சாரு. நல்லாச் சிரிக்கத் தெரியுது மனுசனுக்கு.

உள்ள எட்டிப் பாத்தேன். ஒரே ஒரு மோட்டார், மேசை மேல, பொட்டு வெச்சு. ஆயுத பூசையில வெச்ச பொட்டு. பசங்க பெஞ்சுல உக்காந்து போர்டைப் பாத்து எழுதறாங்க. வாத்தியாரைக் காணம், போர்டு மட்டும் இருக்குது. பஸ் ஸ்டாப்பு டீக்கடைப் பாப்பக்கா மகன் முருகேசன் கூட்டீட்டு இருந்தான். என்னைப் பாத்ததும் வெளக்கமாத்தைப் பின்னால மறைச்சான்.

எங்க மாப்பிள்ளை எங்கீங்கன்னேன்.

"பிராக்டிகலுக்கு வெளிய அனுப்பியிருக்கு."

எங்க?

"வெளிய."

சர்க்கார் அங்கீகாரம் இருக்குதுங்களான்னு கேட்டேன். அந்த வார்த்தை எனக்கு எப்படி வந்துதுன்னே தெரியல. பஞ்சாயத்து ஆபீசுல ஆரோ பேசிக் கேட்டது. எழுதிப் போட்டிருக்கு, திருவனந்தபுரத்துல மேசை மேல இருக்குன்னாரு. சொல்லீட்டு மடிச்ச கைக்குட்டையை உதறி என் கை மேல போட்டு, உள்ள விட்டு, திரும்பவும் அஞ்சு விரல். இறுக்கி.

பஸ் ஏறற வரைக்கும் அது எனக்குப் போதுமாத்தான் இருந்துது. ஏறி உக்காந்ததுக்கு அப்பறம் கையை மோந்து பாத்தேன். சென்ட் வாசம்.

ஆடி 1, ஞாயிறு

ஆனி முப்பத்திரண்டு நேத்தோட முடிஞ்சுது. ஆடி நோம்பி. தூறல் ரெண்டு பொட்டு. கச்சாயம், பச்சைப்பயிறுப் பாயசம்.

சாப்படறப்ப வாய் சும்மா இல்ல எனக்கு. எல்லா ஊட்டுலயும் ஆடிக்கு மாப்பிள்ளையை அழைக்கச் சீரோட போறாங்க, நம்மூட்டுல பஸ் சார்ஜே மிச்சமுங்கன்னேன். மாராத்தாள் கரண்டியில தட்டினா. மாப்பிள்ளை சிரிச்சாப்ல. பாயசம் பாதியிலயே எந்திரிச்சு மாட்டுக்குத் தண்ணி காட்டப் போயிட்டாப்ல.

சரசு என்னையே பாத்தா. "அப்பா, உங்களுக்கு ஒரு நாளைக்குப் பேசாம இருக்கத் தெரியுமா?" ன்னா. தெரியாது சாமின்னேன்.

சாயங்காலம் பஸ் ஸ்டாப்புக்கு. பாப்பக்கா டீக்கடை. புருசன் இல்லாத பொம்பளை. முன்ன ஒரு கறவை வெச்சிருந்தா, நான்தான் வாங்கிக் குடுத்தது. இத்தனை படி கறக்கும்னேன், அத்தனை கறந்துது. அதுல இருந்து நான் சொன்னா அவளுக்கு வேதவாக்கு. மாப்பிள்ளையை நான் சேத்ததும் அவளும் முருகேசனைச் சேக்கோணும்னா. பொம்பளை துண்டுக்குள்ள கை விட முடியாதல்ல. அவளுக்காகவும் என் கைதான் உள்ள போச்சு. கடைசி சீட்டுன்னு என்னை விட அவளுக்கு அதிகம் புடிச்சாரு. நானும் தலையாட்டினேன். அதுக்காக அந்தக் கறவையை வித்தா. வித்துக் குடுத்ததும் நானே.

இப்பக் கடைக்குப் பால் வெளிய வாங்கறா. டீ தண்ணியா இருக்குது.

இன்னிக்குக் கேட்டா. "அண்ணா, முருகேசன் போறது மெய்யாலுமே படிப்புத்தானுங்களா? நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதுமுங்க எனக்கு."

என்ன சொல்றது. அவன் பெரிய மோட்டார் டாக்டர் ஆகி உன் டீக்கடைக்கு பேனு மாட்டப் போறான், காத்துல தாவணி பறக்கும் பாருன்னேன். சிரிச்சா. வயசான காலத்துல தாவணியாங்கன்னா.

அந்தச் சிரிப்பு ஊடு வந்து சேர்ற வரைக்கும் பின்னாலயே வந்துது.

நாளைக்குப் பாலக்காடு போயே தீரோணும்.

ஆடி 2, திங்கள்

பாலக்காடு. மழைன்னா அது மழை. வேட்டி நனைஞ்சு கால்ல ஒட்டிக்கிச்சு. சர்க்கார் எலெக்ட்ரிக்கல் ஆபீசைத் தேடி மூணு தெரு சுத்தினேன். மாட்டாஸ்பத்திரின்னா கண்ணைக் கட்டி விட்டாலும் போயிருப்பேன்.

அங்க ஒரு குமாஸ்தா, கல்பாத்தி அக்ரகாரத்துக்காரர். நெத்தியில விபூதி, காதுல பென்சில். நான் மலையாளத்துல தடுமாறறதைப் பாத்துத் தமிழ்லயே பேசினாரு. பெ.க. பேரைச் சொன்னேன், முழுப் பேரு, ரெண்டு நாள் மனப்பாடம் பண்ணினது. உள்ள போயிக் கேட்டுட்டு வந்தாரு.

"அப்படி ஒண்ணு இங்கே இல்லே. எழுதிப் போட்டதாவும் இல்லே."

திருவனந்தபுரத்துல மேசை மேல இருக்குதாமுங்கன்னேன்.

"மேசை நெறய இருக்கு அங்கே. இது எதுலயும் இருக்காது."

அப்பப் பரீட்சை?

அங்கீகாரம் இல்லாத எடத்துல படிச்சவாளைப் பரீட்சைக்கு உக்கார விடமாட்டாளாம். லைசென்ஸ் இருக்கற கான்ட்ராக்டர்கிட்ட வருசக் கணக்கா வேலை பாத்தாலாச்சும் ஒரு வழி இருக்குதாம். அங்க எழுதின நோட்டு, இவங்க குடுக்கற சர்ட்டிபிக்கேட்டு, ரெண்டும் சாமி படத்துக்குப் பின்னால வெக்கத்தான் ஆகுமாம்.

அவரே கேட்டாரு, சேத்துட்டேளான்னு. சேத்தாச்சுங்கன்னேன்.

"சேக்கறதுக்கு முன்னாடி வந்து ஒரு வார்த்தை கேட்டிருந்தா நிமிஷத்துல சொல்லியிருப்பேன். காலணா செலவில்லே. ஒருத்தரும் வரதில்லே ஓய். எல்லாரும் அப்பறமாத்தான் வரா."

வேற ஏதாச்சும் மாடு புடிச்சு விக்கோணும்னா என்கிட்டச் சொல்லுங்க சாமின்னேன். ஏன் சொன்னேன்னு தெரியல. ஏதாச்சும் சொல்லோணுமேன்னு. அவர் சிரிக்கல. கொடை இருக்கான்னு கேட்டாரு.

திரும்பறப்ப பஸ்ஸு பெ.க.வைத் தாண்டித்தான் வந்துது. மழையில பெயிண்டு பளபளன்னு இருந்துது.

ஆடி 3, செவ்வாய்

மழை நின்னாச்சு. காத்து.

வெடியால மாப்பிள்ளை டிபன் பாக்ஸைத் தூக்கீட்டுக் கெளம்பினாப்ல. மாட்டுக் கட்டுத்தறிகிட்ட நிறுத்தினேன். மெதுவாச் சொன்னேன், மாப்ள, நேத்துப் பாலக்காடு போயிருந்தேனுங்க, அது மெய்யில்லீங்களாமான்னு.

ஆடிப் போவாப்லன்னு நெனச்சேன். டிபன் பாக்ஸைத் தொட்டி மேல வெச்சாப்ல.

"தெரியுமுங்க மாமா."

எப்ப இருந்து?

"வைகாசியில இருந்து. வாத்தியார் நின்னுட்டாரு. அப்பறம் பெயிண்டு அடிக்கச் சொன்னாங்க, செவுரு கழுவச் சொன்னாங்க. நான் போறதில்லீங்க. ஆத்துப் பாலத்துக்கு அடியில உக்காந்துட்டு, சோத்தைத் தின்னுட்டு, பஸ் நேரத்துக்கு வந்துருவேன்."

சொல்லியிருக்கலாமல்லங்க.

மாட்டையே பாத்துட்டு நின்னாப்ல. கழுத்தைத் தடவினாப்ல. அந்தக் காய்ப்பு இருக்கற எடத்தை.

"எப்படிங்க சொல்றது. சந்தை பூரா, பஸ் பூரா, என்ற மாப்பிள்ளை மோட்டார் டாக்டர்னு சொல்லி வெச்சுட்டீங்க. கண்டக்டர் டிக்கெட் கிழிக்கறப்பவே என்னங்க டாக்டர்ங்கறான். நீங்க ஆசையாச் சொல்றீங்கன்னு தெரியுதுங்க. அதான் சொல்ல முடியல."

வைக்கோலை அள்ளி மாட்டுக்கு முன்னால போட்டேன்.

சரசுக்குத் தெரியுமான்னு கேட்டேன். தெரியாதாமா. கொழந்தை பொறந்ததும் சித்தூர்ல எந்தத் தெருவுல ஊடு பாக்கலாம்னு தெனம் கேக்கறாளாம். இவரும் தெருப் பேரைச் சொல்லீட்டே வந்துருக்காப்ல.

அப்பறம் டிபன் பாக்ஸை எடுத்துட்டுப் பஸ்ஸுக்கே போயிட்டாப்ல. எங்கன்னு நான் கேக்கல.

ஆடி 4, புதன்

மாராத்தாளுக்கும் சரசுக்கும் சொல்லியாச்சு. சரசு அழுகல. புருசனோட சட்டையைத் தொவைக்க எடுத்தா, ஏற்கெனவே தொவைச்ச சட்டை, திரும்பவும் தொவைச்சா. மாராத்தாள் ஒரு வார்த்தை பேசல. அது அதை விட மோசம்.

குப்பண்ணன்கிட்டச் சொன்னேன். அவருக்கும் சந்தேகமாமா, அன்னிக்கு டீக்கடையில கேக்கத்தான் வந்தாராமா. கேக்காம மழையைக் கேட்டாராமா.

பாப்பக்காகிட்டச் சொன்னேன். கேட்டுட்டு ஒரு டீ ஆத்தி வெச்சா என் முன்னால. குடிக்கச் சொன்னா. நீங்க சொன்னீங்கன்னுதானுங்க அண்ணான்னா. அவ்வளவுதான். திட்டியிருந்தாத் தேவலை.

மூணு பேரும் போலீஸ் ஸ்டேசன். ஏட்டு மலையாளத்தான், கெட்ட மனுசன் இல்ல. அபேட்சை, அதாவது மனு, எழுதோணும், யார் யார் என்ன குடுத்தாங்க, அவன் என்ன வாக்குக் குடுத்தான், சொல்லுங்கன்னாரு.

குப்பண்ணன் மொதல்ல: அது கைக்குள்ள பேசினதுங்க. நான் பக்கத்துல இருக்கறப்ப எப்படிச் சொல்வாரு. நான் வெளிய போறேனுங்கன்னேன். போனேன். அப்பவும் சொல்லல, பாப்பக்கா இருக்காளாம். அடுத்து என்னைக் கேட்டாரு ஏட்டு. எனக்கும் வரல. தோள்த் துண்டை இழுத்துச் சரி பண்ணினேன்.

ரசீது?

சந்தையில எங்கீங்க ரசீது.

ஏட்டு பேனாவை மூடிட்டாரு. "பின்ன நான் எந்தாணு எழுதறது, என்னத்தை?" ன்னாரு. எத்தனை பேர் சேந்திருக்காங்களோ அத்தனை பேரும் ஒண்ணா வந்து வாயைத் தெறந்து சொன்னா ஆளைப் புடிக்கப் பாக்கலாம், இல்லைன்னா இது வெறும் கதைன்னாரு.

வர்ற வழியெல்லாம் யோசனை. சேத்தவங்க அத்தனை பேரும் மாட்டுக்காரங்க. சந்தைக்கு வர்றவங்க. பாத்துத்தான் வந்திருக்கறான் அந்தாளு. ஒருத்தன் பேசினதை இன்னொருத்தன்கிட்டச் சொல்லாத சனம் எங்க இருக்குதுன்னு பாத்து, விரலைப் படிச்சுட்டு வந்திருக்கறான்.

ஆடி 5, வியாழன்

சந்தை.

எழுத வரல. சுருக்கமா.

நல்ல கூட்டம். தரகர்ங்க பூரா இருந்தாங்க. புளியமரத்தடியில நின்னு தோள்ல இருந்த துண்டை எடுத்துக் கீழ போட்டேன். பெ.க.வுக்கு நான் குடுத்தது இவ்வளவுன்னு சொன்னேன். வெறுங்கையைத் தூக்கிக் காட்டி, எல்லாருக்கும் வேலைன்னு இப்படி அஞ்சு விரலைப் புடிச்சான்னேன். பாப்பக்காளுக்குப் புடிச்சதையும் சொன்னேன். சத்தமா.

அப்பறம் குப்பண்ணன். தரையைப் பாத்துட்டே அவர் குடுத்ததைச் சொன்னாரு. என்னை விட அதிகம். அப்பறம் பெருமாட்டிக்காரர் ஒருத்தர். அவரும் அதிகம். உங்களுக்கு மட்டும்னு சொன்னானுங்க, உங்களுக்கு மட்டும்னு சொன்னானுங்க. எல்லாருக்கும் அஞ்சு விரல். எல்லாருக்கும் கடைசி சீட்டு.

எனக்குத்தான் கொறைச்சல். பேரம் பேசிக் கொறைச்சேன்னு நெனச்சுட்டு இருந்தேன். பேரமும் இல்ல ஒண்ணும் இல்ல. மந்தையில முன்னால நடக்கற மாட்டுக்குக் கொஞ்சம் அதிகமாத் தீனி வெப்பாங்கல்ல, அதுதான். பெருமாட்டிக்காரர் சொல்லியே போட்டாரு: "நீங்க சேத்தீங்கன்னுதானுங்க நாங்கெல்லாம்."

எல்லாரும் ஸ்டேசனுக்கு வர்றோம்னாங்க. அந்த மட்டுக்கும் சரி.

துண்டை எடுத்து உதறித் தோள்ல போட்டுட்டுத் திரும்பினா, உடுமலை வியாபாரி ஒரு ஜோடிக்கு நின்னுட்டு இருந்தாரு. எப்பவும் என்கிட்டத்தான் வருவாரு. கிட்டப் போயி கையை நீட்டினேன். அவர் கை வரல. மூக்கணாங்கயித்தைச் சரி பண்ணினாரு. மேக்கால மழை எப்படிங்கன்னாரு.

நல்ல மழைங்கன்னேன்.

ஆடி 7, சனி

ஏட்டு ஆளுங்களோட போனாரு. நாங்களும் போனோம். பெ.க. பூட்டு. போர்டு இல்ல, போர்டு இருந்த எடத்துல பழைய மில்லுச் செவுரு தெரியுது, சதுரமா. கள்ளுக்கடைக்காரன் சொன்னான், வியாழக்கெழமை சாயங்காலமே லாரி வந்துதுன்னு. சந்தையில பேச்சு எழுந்த அன்னிக்கே. காத்து என்னை விட வேகமாப் போயிருக்குது.

சன்னல்ல எட்டிப் பாத்தோம். அந்த ஒத்தை மோட்டாரை விட்டுட்டுப் போயிட்டான். ஏட்டு பூட்டை ஒடைச்சாரு. மாப்பிள்ளை உள்ள போயி மூடியைக் கழட்டிப் பாத்தாப்ல. உள்ள கம்பியே இல்ல. வெறும் ஓடு.

எல்லாரும் என்னைப் பாத்தாங்க. நான் ஏதாச்சும் சொல்லுவேன்னு. சிரிக்க ஏதாச்சும். எப்பவும் சொல்ற ஆளல்ல.

பாப்பக்கா அதைத் தூக்கிப் பாத்தா. கனமாத்தான் இருக்குதுன்னா.

ஆடி 8, ஞாயிறு

காத்து அடங்கிருச்சு. மப்பு.

மாப்பிள்ளை கெளம்பியாச்சு. மூணாறு பக்கம். மில்லுல கூட இருந்த ஆளொருத்தர் அங்க தேயிலை பேக்டரியில இருக்காராமா. மூட்டை தூக்க ஆள் வேணுமாமா. குளுரு தாங்குமான்னு மாராத்தாள் என் கம்பளியை எடுத்து வெச்சா. சரசு வாசப்படியோட நின்னுட்டா. ஆடி மாசம் புருசனும் பொண்டாட்டியும் பிரிஞ்சிருக்கறது முறைதானேன்னு பக்கத்தூட்டுக்காரி கேட்டா. ஆமாங்கன்னா சரசு. முறைதானுங்கன்னா.

பஸ் ஸ்டாப்புல நானும் அவரும். பாப்பக்கா கடை தெறக்கல இன்னிக்கு.

பொள்ளாச்சி பஸ் தூரத்துல வர்றது தெரிஞ்சுது. ஏதாச்சும் சொல்லோணும் எனக்கு. இந்த வாய்ல என்ன வந்தாலும் கேலியாத்தான் வரும், எனக்கே தெரியும். தோள்ல இருந்த துண்டை எடுத்து அவர் கை மேல போட்டேன். உள்ள கையை விட்டுப் புடிச்சேன். இறுக்கி.

விரல் பேச்சு அவருக்குத் தெரியாதல்ல.

"இது எவ்வளவுங்க மாமா?" ன்னாப்ல.

ஒண்ணுமில்லீங்க மாப்ள, ஏறுங்கன்னேன்.

கண்டக்டர் அவரைப் பாத்து வாயைத் தெறந்தான். நான் அங்க நிக்கறதைப் பாத்துட்டு மூடிக்கிட்டான்.

பருத்திக்கொட்டை இன்னும் வாங்கல.